நிற்பாட்டிய பின்னும் உறங்காத கார்: ஒரு ஹைபிரிட் வாகனத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவு செய்யப்படும் கார் 2012ஆம் ஆண்டு ஜப்பானில் தயாரிக்கப்பட்டு, அங்கே ஒருவரின் கையில் ஓடி, 2014இல் இலங்கைக்கு இறக்குமதியான சிறிய பெற்றோல் ஹைபிரிட் வாகனம், அதாவது பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் வாகனம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடலோர ஊர் ஒன்றில் வசிக்கும் பாடசாலை ஆசிரியை ஒருவர் அதை இரண்டாவது உரிமையாளராக வாங்கிப் பாவித்து வந்தார். கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். வீட்டில் ஆசிரியையும் பிள்ளைகளும் கணவரின் தாயாரும் இருக்கிறார்கள். அந்தத் தாயாரின் படுக்கையறை யன்னல் கார் நிற்கும் போட்டிக்கோவை நோக்கியது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆய்வின் பெறுமதி மிக்க தகவல் அந்த யன்னலின் வழியாகத்தான் கிடைத்தது.

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட வாகனங்களில் கையேடு ஜப்பானிய மொழியிலேயே இருக்கும். பல வாகனங்களில் அதுவும் இருக்காது. எந்த ஓசை இயல்பானது, எது பழுதின் அறிகுறி என்று அந்தக் கையேட்டில் பல பக்கங்களில் எழுதியிருந்தாலும், நம்மவர்களுக்கு அது எட்டுவதில்லை. எனவே உரிமையாளர்கள் அண்டை வீட்டாரையும் பற்றரிக் கடைக்காரரையும் கேட்டே முடிவெடுக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய ஹைபிரிட் கார்களின் விலை பல மடங்கு ஏறியதால், இந்தக் காரை விற்றுவிட்டு இன்னொன்றை வாங்குவது ஆசிரியைக்கு எண்ணிப் பார்க்கவும் முடியாததாக இருந்தது.

2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கார் வாரக்கணக்கில் ஓடாமல் நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு காலை கார் உயிர்ப்பிக்கவில்லை. டாஷ்போர்ட்டில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. நீண்ட காலம் நின்றதால் 12 வோல்ற் பற்றரி பழுதாகிவிட்டது என்று கடைக்காரர் சொன்னது நம்பக்கூடியதாகவே இருந்தது. புதிய பற்றரி போடப்பட்டது. ஐந்து வாரத்தில் அதுவும் இறங்கியது. உத்தரவாதத்தின்படி மாற்றித் தரப்பட்ட அடுத்த பற்றரி பதினொரு நாள்தான் தாங்கியது. அதன் பிறகு சென்ற ஒரு கராஜில், பொனற்றுக்குள் கேட்கும் ரீங்காரத்தைக் காரணம் காட்டி, பிறேக் எண்ணெயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏ.பி.எஸ். அக்சுவேற்றர் தொகுதியை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை ஆசிரியையின் பல மாதச் சம்பளம். 2023 பெப்ரவரியின் முதல் வாரத்தில், இரண்டாவது கருத்துக் கேட்பதற்காக அவர் எங்கள் கராஜுக்கு வந்தார்.

இயல்பான ஓசைகள்

நிகழ்வுக்குள் போவதற்கு முன் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிற்பாட்டிய ஹைபிரிட் கார் ஓசையே எழுப்பக்கூடாது என்ற எதிர்பார்ப்பு தவறானது.

சாதாரணப் பெற்றோல் காரில் பிறேக் பெடலுக்குத் துணைவலு தருவது எஞ்சின் உருவாக்கும் வெற்றிடம். ஹைபிரிட் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் பலமுறை நின்றுவிடும் என்பதால் அந்த வெற்றிடத்தை நம்ப முடியாது. எனவே இத்தகைய பல வாகனங்களில் ஒரு மின் பம்ப் பிறேக் எண்ணெயை அழுத்தி, கராஜ்களில் அக்கியூமுலேற்றர் என்று சொல்லப்படும் குடுவைக்குள் சேர்த்து வைக்கிறது. குடுவையின் மறுபாதியில் அடைக்கப்பட்டிருக்கும் நைதரசன் வாயு சுருள்வில்லைப் போல அந்த எண்ணெயை அழுத்திக்கொண்டிருக்கும். அங்கே நிற்கும் அழுத்தம் ரயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். சாரதி பக்கக் கதவைத் திறந்தவுடன், காரை உயிர்ப்பிக்கும் பொத்தானை இன்னும் அழுத்தாத நிலையிலேயே, பொனற்றுக்குள் இரண்டு மூன்று விநாடி "ங்ங்ங்" என்று கேட்பது இந்தப் பம்ப்தான். ஏறப்போகும் சாரதி முதல் தடவை பெடலை மிதிக்கும்போதே பிறேக் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக, கதவு திறப்பதையே விழிப்புக்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். காரை நிற்பாட்டி இறங்கும்போதும் கதவு திறக்கிறது. அப்போதும் அது ஒரு முறை ஓடலாம்.

பொத்தானை அழுத்தி நிற்பாட்டியதும் பின்பக்கத்திலிருந்து "டக், டக்" என்று கேட்பது, காரை ஓட்டும் உயர் மின்னழுத்த மின்கலத் தொகுதியை வாகனத்திலிருந்து துண்டிக்கும் பெரிய றிலேக்களின், அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஆளிகளின் ஓசை. எஞ்சினும் புகைக்குழாயும் ஆறும்போது உலோகம் சுருங்கி "டிக் டிக்" என்று கால் மணிநேரம்வரை தட்டிக்கொண்டிருக்கும். பழைய அம்பாசிடர் காரும் அதைச் செய்ததுதான். சந்தையைப் பொறுத்து வேறுபாடுகளும் உண்டு. வட அமெரிக்காவில் விற்கப்பட்ட ரொயோட்டாவின் இரண்டாம் தலைமுறைப் பிரியஸ் ஹைபிரிட் கார்களில், எஞ்சினின் சூடான குளிரூட்டித் திரவத்தைச் சுடுநீர்ப் போத்தல் போன்ற ஒரு கலத்தில் சேமித்து வைப்பதற்காக, நிற்பாட்டிய பிறகு ஒரு சிறிய பம்ப் ஓடும். அந்தச் சந்தைக்கான பல மாதிரிகளில், நிற்பாட்டி ஏறத்தாழ ஐந்து மணிநேரம் கழித்து, பெற்றோல் ஆவி எங்கேயாவது கசிகிறதா என்று தானே சோதிக்கும் மோட்டர் சில நிமிடம் இயங்கும். நள்ளிரவில் அதைக் கேட்டு யாரோ காருக்குள் இருப்பதாக நினைப்பதில் வியப்பில்லை. எங்கள் வாகனம் இந்த இரு வகையிலும் சேராதது.

கடைசியாக ஒன்று: கார் உண்மையில் நிற்பாட்டப்படாமலே இருப்பது. எஞ்சின் ஓசை இல்லாததால் "நின்றுவிட்டது" என்று எண்ணிப் பொத்தானை அழுத்தாமல் இறங்கிப் போகிறவர்கள் உண்டு. அரை மணி கழித்து மின்கலத்தை ஏற்றுவதற்காக எஞ்சின் தானே உயிர்க்கும்போது வீட்டாருக்குப் பேய்க்கதைதான் நினைவுக்கு வரும். மூடிய கராஜுக்குள் அது உயிராபத்தும்கூட.

வாகனம் வந்தபோது கேட்டறிந்தவை

"தம்பி, நிற்பாட்டினாலும் இது நித்திரை கொள்ளுதில்லை" என்பதுதான் ஆசிரியையின் முதல் வாக்கியம். பழுதை இவ்வளவு சரியாக விவரித்த வாடிக்கையாளரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஆனால் அந்த வாக்கியம் எவ்வளவு துல்லியமானது என்பது எனக்கு ஒரு வாரம் கழித்தே விளங்கியது.

ஓசையை முதலில் கவனித்தவர் அவரது மாமியார். அக்காலத்தில் நாள்தோறும் மின்வெட்டு இருந்தது. இரவு மின்வெட்டில் மின்விசிறி நின்று வீடு அடங்கியபோது, யன்னலுக்கு வெளியே வண்டு இரைவது போல ஓர் ஓசை எழுந்து சில விநாடியில் ஓய்ந்ததை அவர் கேட்டார். பிறகு அதற்காகவே காது கொடுக்கத் தொடங்கி, நித்திரை வராத இரவுகளில் கேட்ட நேரங்களை நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்புறத்தில் குறித்தும் வைத்தார். ஆசிரியை அந்தத் தாளைத் தன் கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். ஓர் இரவில் 11.40, 1.15, 1.50, 4.20, மற்றோர் இரவில் 2.05க்குப் பிறகு விடியும்வரை "அடிக்கடி". மூன்றாவது இரவுக்கு எதிரே "இல்லை" என்று எழுதியிருந்தது.

இந்த மூன்று வரிகளில் இரண்டு செய்திகள் இருந்தன. ஓசை நிற்பாட்டியவுடன் மட்டும் வருவதில்லை. பல மணிநேரம் கழித்து, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வருகிறது. எல்லா இரவிலும் வருவதும் இல்லை. தாளை நான் பணிப்பதிவேட்டில் ஒட்டி வைத்தேன். ஆனால் "இல்லை" என்ற அந்த இரவு எப்படிப்பட்ட இரவு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முன்பு பார்த்த கராஜின் கணிப்பு முழுத்தவறு என்று சொல்வதற்கில்லை. வயதான ஹைபிரிட் கார்களில் பிறேக் தொகுதியின் உள்வால்வுகள் அழுத்தத்தைப் பிடித்து வைக்க இயலாமல் போய், எண்ணெய் வெளியே சொட்டாமல் உள்ளேயே மேல்தொட்டிக்குத் திரும்பிவிடுவது அறியப்பட்ட கோளாறு. குடுவையின் வாயுப் பக்கம் பழுதானாலும் விளைவு அதுவே: பம்ப் மீண்டும் மீண்டும் ஓடும். ஆனால் அந்தக் கணிப்பு ஒரு கேள்விக்கு விடை தரவில்லை. வாகனம் உறங்கிய பிறகு பம்பைக் கட்டுப்படுத்தும் கணினியும் உறங்கிவிடும். குடுவையில் அழுத்தம் முழுவதும் இறங்கினாலும் அதைக் கவனிக்க யாரும் விழித்திருப்பதில்லை. அப்படியானால் இரவு 1.50க்குப் பம்பை ஓட்டியது எது?

கராஜில் செய்த சோதனைகள்

முதலில், வாகனக் கணினிகளில் பதிவாகும் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கானரை இணைத்தோம். இறங்கிய பற்றரியால் விழும் குறைமின்னழுத்தக் குறியீடுகள் தவிர, பிறேக் தொகுதியில் எதுவும் பதிவாகவில்லை. நிற்பாட்டும் பழக்கத்தையும் ஆசிரியை செய்துகாட்டினார். பொத்தானை ஒழுங்காகவே அழுத்துகிறார்.

அடுத்து, உறக்கத்தில் வாகனம் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்தோம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த வாகனத்தில் 12 வோல்ற் பற்றரி பின்பக்கத்தில் இருப்பதால், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்தால் கதவு திறந்திருப்பதே வாகனத்தை விழிக்க வைத்து அளவைப் பொய்யாக்கிவிடும். எனவே திறந்த பின்கதவின் பூட்டு நாக்கை ஸ்குறூட்றைவரால் திருப்பி, கதவு மூடியிருப்பதாக வாகனத்தை நம்பவைத்து, சாவியைப் பத்து மீற்றருக்கு அப்பால் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பம்ப் இரண்டு தடவை ஓடி, சில நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. மீற்றரில் 25 மில்லி அம்பியர். குறை சொல்ல முடியாத அளவு. காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை அது அப்படியே நின்றது. மறுநாளும் அதேதான். கராஜின் தகரக் கூரைக்குக் கீழே, பட்டப்பகலில், அந்தக் கார் குழந்தையைப் போல உறங்கியது.

பிறேக் தொகுதியின் நிலையை அறிய வேறொரு வழியில் போனோம். இயல்பான கால அளவுகள் எம்மிடம் அச்சில் இல்லாததால், அதே மாதிரியான, பழுது எதுவும் இல்லாத இன்னொரு வாடிக்கையாளரின் காரை அருகே நிறுத்தி, இரண்டையும் பொத்தானை அழுத்தி ஓடத் தயாரான நிலையில் வைத்து, பெடலைத் தொடாமல் கைக்கடிகாரத்துடன் உட்கார்ந்தோம். மற்றக் காரின் பம்ப் நான்கு நிமிடத்துக்கு மேலாகியும் ஓடவில்லை. எங்கள் காரில் அது ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒரு தடவை ஓடியது. நிற்பாட்டி ஓர் இரவு விட்டுக் காலையில் பிறேக் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தபோது, முதல் நாள் மாலை மேற்கோட்டில் நின்ற எண்ணெய் பென்சில் தடிப்பளவு மேலே ஏறியிருந்தது. மற்றக் காரில் அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு. குடுவையில் இருந்த எண்ணெய் வால்வுகளைக் கடந்து தொட்டிக்குத் திரும்பியிருக்கிறது. உள்கசிவு தொடங்கியிருந்தது, ஆனால் எச்சரிக்கை விளக்கை ஏற்றும் அளவுக்கு முற்றவில்லை.

ஆக, முன்பு பார்த்தவர்கள் சொன்ன கோளாறு உண்மையிலேயே இருந்தது. ஆனால் பற்றரியைக் கொன்றது அதுவல்ல.

போட்டிக்கோவில் ஓர் இரவு

கராஜில் வராத பழுது வீட்டில்தான் வரும் என்றால், வீட்டில்தான் பார்க்க வேண்டும். கார் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே அதை நிறுத்தி, பற்றரிக் கம்பியில் பதிவுசெய்யும் மீற்றரை மாட்டி, இரவு முழுவதும் விட்டுவிடுவதென்று தீர்மானித்தோம். அதற்கான வேலைகளைச் செய்யும்போது, ஒரு பொருளைத் தேடுவதற்காக நான் உள்கூரை விளக்கைப் போட முயன்றேன். அதன் ஆளி முழுவதுமாக அணைந்த நிலையில் இருந்தது. வழக்கமாக அது நடு நிலையில், கதவு திறந்தால் எரியும்படி விடப்பட்டிருக்கும். ஆசிரியையைக் கேட்டேன். டிசம்பரில் பற்றரி முதல் தடவை இறங்கியபோது, "இந்த விளக்கு எரிந்து எரிந்துதான் இறங்குது" என்று பற்றரிக் கடையில் சொன்னார்களாம், அன்றே அணைத்துவிட்டார்.

நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட அந்தச் சிறு செயல்தான் இரண்டு மாதமாக உண்மையை மறைத்து வைத்திருந்தது. நான் ஆளியை நடு நிலைக்குத் தள்ளினேன். யன்னலுக்கு எதிரே ஒரு முக்காலியில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்து, காரின் முன்கண்ணாடியைப் படம்பிடிக்க விட்டோம்.

தை மாதத்தின் கடைசி நாட்கள் அவை. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள்; அன்றிரவு போட்டிக்கோவின் விளிம்புவரை நின்ற காரின் வலப்பக்கக் கண்ணாடியில் பனி முத்து முத்தாகக் கோத்து வழிந்ததைப் படத்தில் காணலாம். 12.52க்கு, யாரும் அருகே இல்லாமலே, காருக்குள் விளக்கு எரிகிறது. ஒரு விநாடியும் ஆகாமல் பம்பின் ரீங்காரம். விளக்கு மங்கி அணைகிறது, மீண்டும் எரிகிறது, மீண்டும் ரீங்காரம். 1.30க்குப் பிறகு அது ஏறக்குறைய ஓயவே இல்லை. மீற்றரின் பதிவில், 25 மில்லி அம்பியரில் கிடந்த கோடு ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு அம்பியருக்கு ஏறி அங்கேயே நின்றிருக்கிறது; பம்ப் ஓடிய கணங்களில் 20 அம்பியரையும் தாண்டிக் குத்தியிருக்கிறது. ஹைபிரிட் கார்களின் 12 வோல்ற் பற்றரி எஞ்சினைச் சுழற்ற வேண்டியதில்லை என்பதால் சிறியதாகவே இருக்கும். இப்படி நான்கைந்து மணிநேரம் இழுத்தால் காலையில் பெரிய றிலேக்களை மூடுவதற்குக்கூட அதில் வலு மிஞ்சாது. பின்னால் உயர் மின்னழுத்த மின்கலம் நிறைந்திருந்தும் பயனில்லை.

கார் தன் கதவு திறந்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. காலையில் சாரதி பக்கத் தூணில் உள்ள, கதவு திறந்ததா மூடியதா என்று காருக்குச் சொல்லும் கதவுப் பொத்தானைக் கழற்றிப் பார்த்தோம். அதன் றப்பர் உறை ஒரு பக்கம் வெடித்திருந்தது. உள்ளே செப்பு முனைகளுக்கு நடுவே, கடலோரக் காற்றின் உப்பில் விளைந்த பச்சைக் களிம்பு பாசி போலப் படர்ந்திருந்தது. கதவு மூடியிருக்கும்போது முனைகள் பிரிந்திருந்தாலும், பனியில் அந்தக் களிம்பு நனைந்ததும் மின்னோட்டம் அதன் வழியே கசிந்து, "கதவு திறந்தது" என்ற பொய்ச் செய்தியை அனுப்பியிருக்கிறது. வெயில் ஏறியதும் அது உலர்ந்துவிடும். கராஜில் பகலில் ஒன்றும் நடக்காததன் காரணம் அதுதான். நாட்காட்டித் தாளில் "இல்லை" என்றிருந்த இரவைப் பற்றி அப்போதுதான் கேட்டேன். அன்று பேரன் பந்து விளையாடுவதற்காகக் காரை நன்றாக உள்ளே தள்ளி விட்டிருந்தார்களாம், பனி படவில்லை.

மழை நாட்களில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கதவு திறந்திருப்பதைக் காட்டும் டாஷ்போர்ட்டின் கதவு விளக்கு சிமிட்டும் என்றும், கதவை இன்னொரு தடவை அடித்துச் சாத்தினால் சரியாகிவிடும் என்றும் ஆசிரியை சொன்னதும் அந்தக் காலையில்தான். அதை அவர் ஒரு பழுதாகவே எண்ணியிருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

கதவுப் பொத்தானை உடனே மாற்றினோம். அதன் விலை இரண்டு தேங்காய்களின் விலையைவிடப் பெரிதாக இல்லை. மற்ற மூன்று கதவுகளின் பொத்தான்களையும் கழற்றித் துடைத்து, உறைகளைச் சோதித்தோம். இரண்டு இரவு மீற்றர் வைத்துப் பார்த்ததில் கோடு அசையவே இல்லை. பற்றரியை மீண்டும் முழுமையாக ஏற்றிச் சுமைச் சோதனை செய்தபோது அது தேறியது. எனவே நான்காவது பற்றரி தேவைப்படவில்லை.

கடினமான முடிவு பிறேக் தொகுதியைப் பற்றியது. 50 விநாடிக்கு ஒருமுறை ஓடும் பம்ப் நன்றாக இருக்கிறது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கை விளக்கு இல்லை, குறியீடு இல்லை, பெடல் இயல்பாக இருந்தது. புதிய தொகுதி கொழும்பிலும் கைவசம் இருக்கவில்லை. அன்றைய டொலர் நிலையில் அதன் விலையை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் உறுதி சொல்லவில்லை. பாவித்த தொகுதிகள் கிடைத்தன, ஆனால் அவையும் அதே வயதுள்ள கார்களிலிருந்து கழற்றப்பட்டவை. அவற்றின் வால்வுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பூட்டிப் பார்த்தபின்தான் அறியலாம். எனவே பிறேக் எண்ணெயை முழுவதுமாக மாற்றி, ஸ்கானரின் உதவியோடு காற்றை வெளியேற்றி, மாதம் ஒருமுறை பம்பின் இடைவெளியை அளந்து பதிவது, இடைவெளி 30 விநாடிக்குக் கீழே வந்தாலோ எச்சரிக்கை விளக்கு ஒரு தடவை எரிந்தாலோ தொகுதியை மாற்றுவது என்று முடிவு செய்தோம். 30 என்ற எண்ணுக்கு எந்த நூலாதாரமும் இல்லை. எங்கே நிற்பது என்று முன்கூட்டியே கோடு கீறிக்கொள்வதற்காக நாங்களே வைத்த எண் அது.

ஆசிரியையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "இப்போதைக்குப் பயமில்லை ரீச்சர், மாதம் ஒருக்கால் கொண்டு வாங்கோ." எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன நடக்கும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை நான் விரித்துச் சொல்லவில்லை.

தொடர்ந்து நடந்தவை

மார்ச் அளவில் இடைவெளி 45 விநாடி. மாற்றம் சிறியது என்று திருப்திப்பட்டோம்.

ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்கு ஆசிரியை பிள்ளைகளுடன் கொழும்புக்குப் போனார். ஒரு வழிக்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். போவதற்கு முன் எங்களிடம் கேட்கவில்லை. பயமில்லை என்று நான் சொல்லியிருந்தபோது அவர் ஏன் கேட்க வேண்டும்? திரும்பி வரும்போது, மதவாச்சியைத் தாண்டி வவுனியாவை நோக்கி வருகையில், டாஷ்போர்ட்டில் சிவப்பு பிறேக் விளக்கும் விடாத மணியோசையும் வந்தன. அவர் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தி, பொத்தானை அணைத்து மறுபடி போட்டார். விளக்கு மறைந்தது. அங்கிருந்து எனக்குத் தொலைபேசியில் பேசினார்.

குடுவையில் அழுத்தம் முற்றாக இல்லாமல் போனாலும் இந்த வாகனங்களில் பிறேக் அடியோடு இல்லாமல் போவதில்லை. பெடலை முழுப் பலத்தோடு மிதித்தால் எண்ணெய் நேரடியாகச் சில்லுகளுக்குப் போகும் வழி ஒன்று விடப்பட்டிருக்கும். ஆனால் பழகிய மிதியில் கார் நிற்காது. குழந்தைகளுடன், ஏ9 வீதியில், இருட்டப்போகும் வேளையில் அதை ஒருவர் முதல் தடவையாகக் கண்டறியக்கூடாது. விளக்கு மறைந்திருந்தாலும் யாழ்ப்பாணம்வரை ஓட்டி வர வேண்டாம் என்றேன். வவுனியா அருகில்தான் என்பதால் நகர எல்லைவரை மிக மெதுவாக ஓட்டி, அங்கே உறவினர் வீட்டில் காரை விட்டுவிட்டு அவர்கள் பேருந்தில் வந்தார்கள். அந்தக் கொஞ்ச தூரத்தைக்கூட நான் அனுமதித்திருக்கலாமா என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. இரண்டு நாள் கழித்துக் கார் பாரவண்டியில் ஏற்றி வரப்பட்டது.

இம்முறை ஸ்கானரில், குடுவையின் அழுத்தம் இயல்புக்கு மாறாகக் கசிகிறது என்ற குறியீடு பதிவாகியிருந்தது. அளந்தபோது இடைவெளி 18 விநாடி. ஒரு மாதத்தில் 45இலிருந்து 18. கசிவு படிப்படியாக, நேர்கோட்டில் வளரும் என்று நாங்கள் எடுத்துக்கொண்ட எண்ணம் பிழைத்துவிட்டது. நீண்ட பயணத்தின் வெப்பமும் இடைவிடாத பிறேக் பாவனையும் அதை விரைவுபடுத்தியிருக்கலாம்.

டொலரின் விலை அதற்குள் சற்று இறங்கியிருந்ததால் புதிய தொகுதியையே வரவழைப்பது என்று தீர்மானித்தோம். அது மூன்று வாரம் எடுத்தது. அதுவரை கார் எங்கள் கராஜின் மூலையில் நின்றது. பூட்டிய பிறகு காற்றை வெளியேற்றி, வால்வுகளின் தொடக்க அளவுகளைக் கணினிக்கு மறுபடி பழக்கி, வெற்று வீதியில் பல வேகங்களில் நிறுத்திப் பார்த்தோம். பெடலைத் தொடாமல் உட்கார்ந்தபோது ஐந்து நிமிடமாகியும் பம்ப் ஓடவில்லை. கதவைத் திறந்தால் மூன்று விநாடி, நிற்பாட்டி இறங்கினால் சில வேளை ஒரு தடவை, பிறகு மௌனம்.

அடுத்த தை மாதத்தில் நான் வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போனபோது மாமியாரிடம் இரவில் ஏதும் கேட்கிறதா என்று விசாரித்தேன். "ஒண்டும் கேக்கேல்லை தம்பி, ஆனா நான் இப்பவும் முழிச்சுத்தான் கிடக்கிறன்" என்றார். மூன்றாவது பற்றரிதான் இன்னும் ஓடுகிறது.

இன்று வந்தால் மாற்றிச் செய்பவை

வாடிக்கையாளரைக் கேட்கும் கேள்விகளை மாற்றியிருக்கிறோம். "என்ன ஓசை?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் வாயால் ஓர் ஓசையை எழுப்பிக் காட்டுவார்கள், அதிலிருந்து பெரிதாக எதுவும் விளங்குவதில்லை. நிற்பாட்டி எவ்வளவு நேரம் கழித்து, எத்தனை விநாடி, எந்த இடைவெளியில், எந்த இரவுகளில் வரவில்லை என்பவற்றை எழுதித் தரச் சொல்கிறோம். அந்த மூதாட்டி கேளாமலே செய்ததைத்தான் இப்போது கேட்டு வாங்குகிறோம். கதவு விளக்கு எப்போதாவது சிமிட்டியதா என்ற கேள்வியும் அந்தத் தாளில் இருக்கிறது.

உள்கசிவு உறுதியான பிறகு காரை ஓடவிட்டதை நான் முழுமையாகத் தவறென்று சொல்லமாட்டேன். அன்றைய நிலையில் வேறு வழிகளும் நல்லவையாக இருக்கவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை அளப்பது போதாது. வாரம் ஒருமுறை உரிமையாளரே கைக்கடிகாரத்தோடு அளந்து குறுஞ்செய்தியில் அனுப்பலாம், அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஊருக்குள் மட்டும் ஓட்டுவது, நீண்ட பயணத்துக்கு முன் காட்டுவது, சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்திவிட்டு மீண்டும் ஓட்டாமல் இருப்பது, தவிர்க்க முடியாத நொடியில் பெடலை எழுந்து நின்று மிதிப்பது போல மிதிப்பது ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறோம். "பயமில்லை" என்ற சொல்லை பிறேக் தொடர்பான எதிலும் நான் இப்போது பாவிப்பதில்லை.

பற்றரி இறங்கிவிட்டது என்று எந்தக் கார் வந்தாலும், பொனற்றைத் தூக்குவதற்கு முன், ஸ்கானரை எடுப்பதற்கும் முன், கூரை விளக்கின் ஆளி எந்த நிலையில் இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன்.